தேவிபட்டினத்தில் நான் கும்பிடவே இல்லை

நான் பக்தை அல்ல!

எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "அமாவாசை தவறாம தேவிபட்டினம் போகுமே, அந்த அம்மாவா?" என்று என் வீட்டுக்கு வழி சொல்வார்கள். நான் போவது உண்மை. கடலுக்குள் ஒன்பது கிரகங்களாக நிற்கும் நவபாஷாணக் கற்களை இடுப்பளவு நீரில் இறங்கிச் சுற்றுவதும் உண்மை. கும்பிட்டதுதான் இல்லை. ஒருமுறைகூட இல்லை!

நான் பார்க்கப் போவது தண்ணீரை. இன்று எந்தக் கல்லின் எந்த இடம் வரை ஏறியிருக்கிறது, போன அமாவாசைக்கு எங்கே நின்றது... அதற்காகத்தான் போகிறேன். கிரகங்கள் ஒன்பதும் எனக்கு அளவுகோல்கள்.

இதற்குப் போய் ஒரு வாக்குமூலமா என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் பாதி தூரம் உங்களோடு சிரித்துக்கொண்டுதான் வரப்போகிறேன். ஆனால் இந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள, உண்மை பேசிய ஒருத்தியைப் பொய்க்காரி ஆக்கினேன். அதைச் சொல்லத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

சிறுமியாக இருந்தபோது, எனக்குச் சனி தோஷம் என்று எந்த ஜோசியரோ சொன்னதைக் கேட்டு, அய்யா, என் அப்பாதான், என்னைத் தேவிபட்டினத்துக்கு அழைத்துப் போனார். போய் இறங்கியபோது கற்கள் தலையை நீட்டிக்கொண்டு நின்றன. கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வெகுநேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறேன்... இரண்டு கற்களைக் காணோம்! மழை இல்லை. அலைகூட இல்லை. எங்கள் பக்கத்துக் கடல் பெரும்பாலும் கண்மாய் போலத்தான் கிடக்கும். பின் இவ்வளவு நீர் எப்போது வந்தது? எங்கிருந்து வந்தது?

"கடல்னா அப்படித்தான்த்தா" என்றார் அய்யா.

அப்படித்தான் என்றால் எப்படி? அன்று பிடித்துக்கொண்டது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் ஏற்றமும் வற்றமும் அதிகம் என்று கண்டுகொண்டபோது இரண்டு நாள் சரியாகச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அஷ்டமி பக்கம் தண்ணீர் சோம்பல்பட்டுக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் மொத்தமுமே சற்று உயர்ந்து நிற்கும். இன்னும் சொல்லவா? வேண்டாம்... ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது எனக்கு. நீங்களும் எழுந்து போய்விடுவீர்கள்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் எழுந்து போனார்கள். என் தம்பி கிரிக்கெட் ஸ்கோரை எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தால் மூளைக்காரன். நான் தண்ணீரைப் பற்றிப் பேசினால் கிறுக்கி. இதில் என்ன நியாயம் என்று கேட்டால் அதற்கும் கிறுக்கி!

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டை வைத்த கையோடு, பையனின் அம்மா, "ஒனக்கு என்னத்தா பிடிக்கும்?" என்று கேட்டார். கேட்டால் சொல்லத்தானே வேண்டும்? "தேவிபட்டினத்துல அமாவாசைக்கு..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் காலை மிதித்தாள். மிதித்துக்கொண்டே, "பிள்ளைக்கு அந்தச் சாமின்னா உசுரு. அமாவாசை தவறவிட மாட்டா" என்று முடித்துவைத்தாள்.

வந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பிள்ளையா!" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அவர்தான் என் மாமியார் ஆனார்.

நான் மறுத்திருக்கலாமே? ஏன் மறுக்கவில்லை? உண்மையைச் சொல்கிறேன்... எனக்கு அது அவ்வளவு வசதியாக இருந்தது! தாய்வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஆயிரம் கேள்வி கேட்கும் வீடு, தேவிபட்டினம் என்றால் வாயைத் திறக்காது. கணவரே பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். வந்தவர்களை வாங்க என்று கேட்க மறந்தால், "சாமி நெனப்புல இருக்கா." கல்யாண வீட்டுச் சத்தம் தாங்காமல் பின்கட்டில் போய் உட்கார்ந்தால், "அமைதியான பிள்ளை." யார் முகத்தையும் நேராகப் பார்க்காவிட்டால், "எம்புட்டு அடக்கம்!" என்னிடம் கோணலாக இருந்த எல்லாவற்றையும் பக்தி ஒன்றே நேராக்கிவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் நான் அதைப் போர்த்திக்கொண்டு சுகமாக வாழ்ந்தேன்.

அப்போதுதான் பாண்டிச்செல்வி வந்தாள்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது டவுசர் போட்ட சிறுவனாக இருந்த என் கொழுந்தன் முருகேசனுக்கு வாழ்க்கைப்பட்டு, அக்காள்மடத்திலிருந்து வந்தாள். வந்த அன்றே பேரெடுத்துவிட்டாள்! தாலி கட்டி முடித்துப் பெரியவர்கள் காலில் விழுந்துகொண்டிருந்த நேரம், மண்டபத்து மைக் காது கிழிய அலறியது. மணப்பெண் எழுந்தாள். கூறைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே மைக் செட்டுக்காரரிடம் போனாள். ஒரு பாக்ஸைத் திருப்பிவைத்தாள், ஒரு குமிழைக் குறைத்தாள், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து மறுபடி காலில் விழுந்தாள். மண்டபமே சிரித்தது. எனக்குக் காது வலி நின்றதில் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அவளுக்கு மைக் செட் என்றால் உயிர். எனக்குத் தண்ணீர் எப்படியோ அப்படி. எங்கோ கோயில் கொடைத் திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாய் பாடினால், எத்தனை குழாய், எந்தப் பக்கம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள், எதில் தகடு கிழிந்திருக்கிறது என்று சோறு பிசைந்துகொண்டே சொல்லுவாள். கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தாள். காயலான் கடையில் வாங்கியதாம். அதைத் துடைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் பாருங்கள், என்னுடையது பக்திக்குள் அடங்கிவிட்டது. மைக் செட்டை அவள் எதற்குள் கொண்டுபோய் ஒளிப்பாள்? "பொட்டச்சிக்குக் கொழாய் ரேடியோவுல என்ன சோலி?" என்று தெருவில் பேச்சு கிளம்பியது. காத்து கருப்பு ஏதாவது இருக்குமோ என்றுகூட ஒருத்தி வந்து கேட்டுவிட்டுப் போனாள். அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "மூத்தவளும் இந்த வீட்டுக்கு வந்தவதான். கோயிலு கொளமுன்னு எம்புட்டுப் பாந்தமா இருக்கா! இவளுக்கு ஏன் புத்தி இப்பிடிப் போகுது?"

என்னைக் காட்டித்தான் அவளை அடித்தார்கள். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? "நான் அவளைத் தேவிபட்டினம் கூட்டிட்டுப் போறேன் அத்தை. ஒம்போது சுத்து சுத்தினா எல்லாம் சரியாயிரும்" என்றேன். என்னைப் போலவே ஒன்றின் மேல் பித்தாக இருந்த இன்னொருத்தியை, நான் நம்பாத வைத்தியத்துக்கு, நானே அழைத்துப் போனேன்!

ஆடி அமாவாசைக்கு முந்தைய அமாவாசை என்பதால் கூட்டம் அதிகமில்லை. இருவரும் நீரில் இறங்கினோம். நான் முன்னால், அவள் பின்னால். இரண்டாவது சுற்றிலேயே நான் அவளை மறந்துவிட்டேன். கற்களில் சிப்பி ஒட்டிய விளிம்பை நீர் தொட்டும் தொடாமலும் இருந்த நேரம் அது. எத்தனை சுற்று சுற்றினேன் என்று எனக்கே தெரியாது.

கரையேறிப் புடவையைப் பிழியும்போது அவள் சொன்னாள். "அக்கா, நீங்க சாமியக் கும்பிடவே இல்லயே! தண்ணி எம்புட்டு ஏறியிருக்குன்னுல்ல பாத்தீக?"

நான் பிழிந்த முந்தானையையே மறுபடி பிழிந்தேன்.

"எனக்கு மைக் செட்டு, உங்களுக்குத் தண்ணி. அப்படித்தானக்கா?" அவள் முகத்தில் குறும்பு இல்லை, குற்றம் சாட்டும் பார்வை இல்லை. சந்தோஷம்! தனக்கு ஒரு துணை கிடைத்துவிட்ட சந்தோஷம் மட்டுமே இருந்தது.

என் அம்மா கண்டுகொள்ளவில்லை. என்னோடு படுத்து எழும் மனிதர் கண்டுகொள்ளவில்லை. ஒரே ஒரு அமாவாசையில் இவள் கண்டுகொண்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டாமா? "சும்மா வாடி, பஸ் போயிரும்" என்றேன்.

அவளுக்கு ஒளிக்கத் தெரியாது. நல்ல செய்தியை வீட்டில் சொல்லாமல் எப்படி இருப்பாள்? எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அத்தை, அக்காவும் என்னைய மாதிரிதான்! சாமியப் பாக்கவே இல்ல, தண்ணியத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

அத்தையின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "சாமி கும்பிடப் போனவளப் பத்தி என்ன பேச்சுடி பேசுற?" என்றவர், என்னிடம் திரும்பினார். "மூத்தவளே, இவ சொல்றது நெசமா?"

கணவர் பார்த்தார். முருகேசன் பார்த்தான். பாண்டிச்செல்வியும் பார்த்தாள்... நான் ஆமாம் சொல்வேன் என்று அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

"அவளுக்கு எம்மேல பொறாமை அத்தை" என்றேன்.

ஏன் அந்தச் சொல்? இல்லை என்றால் போதாதா? அவளுக்குப் பார்வை மங்கல் என்று சிரித்து மழுப்பியிருக்கக் கூடாதா? இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்... பயம்தான். அந்தப் பக்தியை எடுத்துவிட்டால் மறுபடி கிறுக்கி ஆகிவிடுவேனே என்ற பயம். அதோடு இன்னொன்றும் உண்டு. அவள் ஆம்ப்ளிஃபயரைச் சரிபார்க்கும் சத்தம் எனக்கு ஆகாது. அவள் போனால் வீடு அமைதியாகும் என்று ஒரு மூலையில் நினைத்தேனோ? நினைத்தேன்.

கிறுக்கு என்றால்கூடப் பொறுத்திருப்பார்கள். சாமி காரியத்தில் நாக்கூசாமல் பொய் சொல்கிறவள் என்றதும் பொறுக்கவில்லை. அந்த வாரமே அவளை அக்காள்மடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வேன் ஏறும்போது என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கணக்கு எங்கே தப்பியது என்று யோசிக்கிற பிள்ளையின் முகம்.

நல்லவேளை, முருகேசன் மனிதன். சில மாதத்தில் அவனும் மூட்டை கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டான். இப்போது அக்காள்மடத்தில் இருவரும் மைக் செட் வாடகைக்கு விடுகிறார்கள். தங்கச்சிமடம் மாதா கோயில் திருவிழாவுக்குக்கூட அவர்கள் குழாய்தான் கட்டுகிறார்களாம்! கேள்விப்பட்டபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. மகிழ எனக்கு என்ன உரிமை என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

போன வருடம், சத்தம் தாங்காத என் தலைவலிக்காக மதுரையில் ஒரு மருத்துவ அம்மாவிடம் போனோம். அவர் தலைவலியை விட்டுவிட்டு வேறு என்னென்னவோ கேட்டார். "ரொம்ப ஈடுபாடு உள்ள விஷயம் ஏதாவது?" என்று கேட்டதும் கணவர் முந்திக்கொண்டார். "சாமிதான் டாக்டர்! அமாவாசை தவறாது." நான் தலையாட்டினேன். அங்கேயும்!

கணவருக்கு ஒரு போன் வந்தது, வெளியே போனார். கதவு மூடியதுதான் தாமதம், நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஐப்பசி, கார்த்திகை, அஷ்டமி, சிப்பி விளிம்பு... வெளியே நோயாளிகள் முணுமுணுக்கும் வரை பேசினேன். அந்த அம்மா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, எனக்கு இருப்பது ஆட்டிசம் என்றும், அது நோய் அல்ல என்றும், பெண்களிடம் இருந்தால் அடக்கம் என்றும் பக்தி என்றும் பேர் வைத்து விட்டுவிடுகிறார்கள் என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் பாண்டிச்செல்வி நின்றாள்.

அடுத்த வாரமே அக்காள்மடத்துக்கு பஸ் ஏறினேன். பாம்பன் பாலத்தில் இருபுறமும் கடல், அடியில் நீர் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறது... நான் என்ன காரியமாகப் போகிறேன் என்பதையே மறந்து ஜன்னலில் தொங்கினேன். என்ன பிறவியோ நான்!

அவள் வாசலில் உட்கார்ந்து ஒரு குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா" என்று நாற்காலி போட்டாள். எனக்குக் குழாய் சத்தம் ஆகாது என்று நினைவு வைத்து, சோதித்துக்கொண்டிருந்த பெட்டியை அணைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீரைத்தான் பார்த்தேன், நீ சொன்னது உண்மை, நான் சொன்னதுதான் பொய், மன்னித்துவிடு என்றேன்.

அவள் திருப்புளியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட எதுக்குக்கா சொல்றீக? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே" என்றாள். "தெரியாதவுக அங்கன இருக்காக. அவுககிட்டப் போய்ச் சொல்லுங்க."

கடிந்து சொல்லவில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகு எனக்கு மீன் குழம்போடு சோறு போட்டாள். ஒரு புது ஸ்பீக்கரைப் பற்றிப் பேசினாள், நான் பாலத்தடி நீரைப் பற்றிப் பேசினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம், யாரும் எழுந்து போகவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல மதியம் வேறில்லை!

அதற்குப் பின் எத்தனையோ அமாவாசை போய்விட்டது. ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடுவேன் என்றுதான் எழுகிறேன்.

இந்த அமாவாசையும் அப்படித்தான் எழுந்தேன். "அத்தை, ஒரு விசயம் சொல்லணும்" என்று தொடங்கியும்விட்டேன். அவர் நவதானியப் பொட்டலத்தை என் கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டார். வயதாகிவிட்டது அவருக்கு.

"எல்லாம் வந்து சொல்லலாம். நேரமாச்சு, கெளம்பு. அந்தப் பாண்டிச்செல்விக்கும் சேத்துக் கும்பிட்டு வாத்தா. அவ பொய்ய அந்தச் சாமி மன்னிக்கட்டும்."

"சரி அத்தை" என்றேன். பைக்கில் ஏறிக்கொண்டேன். அன்று நீர் சிப்பி விளிம்பைத் தாண்டி ஏறியிருந்தது. நான் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.