பேப்பர் வராத நாலு நாள்

தங்கமணி படித்தது மூன்றாம் வகுப்பு. வயிற்றெரிச்சலில் மட்டும் எம்.ஏ. தாண்டியவன். சங்கராபுரத்தில் ஜெயம்மாள் டீக்கடையில் உட்கார்ந்து, எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பேப்பர் படித்துச் சொல்வான். கூலி ஒரு டீ, ஒரு வடை. அவன் வயிறு எரியக் காரணம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் முருகன் டீக்கடையில் அதே வேலை செய்த வெங்கடேசன்.

இந்தக் கடைக்கு வருவது எதிர்க்கட்சிப் பேப்பர், அந்தக் கடைக்கு ஆளுங்கட்சிப் பேப்பர். ஒரே கட்சிக் கூட்டத்துக்கு இதில் பத்து லட்சம் பேர் வந்திருப்பார்கள். அதில் பத்துப் பேரும் ஒரு ஆடும் வந்திருக்கும். தங்கமணி அதற்கெல்லாம் கவலைப்பட்டதில்லை. வெங்கடேசனுடைய குரல்தான் அவனைக் கொன்றது. அவன் ஆரம்பித்தால் கல்வராயன் மலையில் மேயும் மாடு தலையைத் திருப்பும். ஜெயம்மாளே டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பாள்.

"இன்னாக்கா, இங்கயும் ஒருத்தன் படிச்சிக்கினுதான் இருக்கறான்."

"நீ பாட்டுக்குப் படிடா. எனக்கு ரெண்டு காது இருக்குது."

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. பதினேழாம் தேதி போராட்டக்காரர்கள் வெட்டிய புளியமரங்களெல்லாம் ரோட்டில் படுத்துக்கொண்டன. பஸ் இல்லை. பஸ்ஸில் வரும் பேப்பரும் இல்லை. வெங்கடேசன் பழைய பேப்பரையே திரும்பப் படித்தான், கூட்டம் கொட்டாவி விட்டது. தங்கமணிக்குத் தன் கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. பதினாறாம் தேதிப் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்து, அதில் இல்லாததையெல்லாம் படித்தான்.

"உனக்கு மட்டும் எப்டிடா பேப்பர் வருது?" என்று டீ குடிக்க வந்தவர்கள் கேட்டார்கள்.

"மலைய சுத்திக்கினு வருது."

முதல் நாள் வாயாலேயே நூறு மரம் சாய்த்தான். மறுநாள் ஆயிரம். மூன்றாம் நாள் முருகன் கடை பெஞ்சே இந்தப் பக்கம் வந்துவிட்டது. எதிரே வெங்கடேசன் தனியாக ஈ ஓட்டுவதைப் பார்த்த சுகத்தில் தங்கமணிக்கு வாய் நிற்கவில்லை. 'போராட்டக்காரர்களைப் பிடிக்கப் போலீசார் வைக்கோல் வண்டிக்குள் ஒளிந்து வருகின்றனர், மக்கள் உஷார்' என்று படித்தான்.

மறுநாள் காலையில் ஒரு வைக்கோல் வண்டி வந்தது. மலையிலிருந்து மாதன் வயல்வழியாக ஓட்டி வந்த வண்டி. தூறலில் நனையக்கூடாதென்று சாமை மூட்டைகள் மேல் வைக்கோலைப் போட்டு மூடியிருந்தான். முப்பது பேர் வளைத்துக்கொண்டார்கள். ஒருத்தன் கையில் கிருஷ்ணாயில் டின், இன்னொருத்தன் கையில் தீப்பெட்டி.

"முட்டிக்கினு இருக்குது பாரு. உள்ள ஆளுதான்."

"சாமை மூட்டைங்க. பிரிச்சிப் பாருங்க."

"பிரிச்சா சுட்டுடுவான். கொளுத்து, தானா எறங்குவான்."

"மாட்டையாவது அவுத்துக்கறேங்க" என்று மாதன் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தங்கமணி டீ கிளாசைப் போட்டுவிட்டு ஓடினான்.

"அது நான் அடிச்சி வுட்டதுப்பா. பேப்பர்ல அப்டி ஒண்ணுமே இல்ல."

"நேத்து இருக்குன்ன, இன்னிக்கி இல்லன்ற. போலீசு உன்ன வாங்கிட்டாங்களா?"

பேப்பரை நீட்டினான். அந்தக் கூட்டத்தில் அதைப் படிக்க ஆளில்லை. படிக்கத் தெரிந்த ஒரே ஆள் எதிர்க்கடையில் இருந்தான். நாற்பதடி ரோடு தங்கமணிக்கு நாற்பது மைலாக நீண்டது.

"வெங்கடேசா, கொஞ்சம் வந்து படி. கொளுத்தப் போறானுங்க."

வெங்கடேசன் பேப்பரை வெடுக்கென்று பிடுங்கினான். "மூணு நாளா எனக்கு சோறு எறங்கல. இவனுக்கு மட்டும் எப்டி வருதுன்னு வயிறு எரிஞ்சி சாவறேன்." தேதியைப் பார்த்தான். "அட, பதினாறா."

அத்தனை அவசரத்திலும் 'வயிறு எரிஞ்சி' என்ற வார்த்தை தங்கமணிக்குத் தேனாக இறங்கியது.

வெங்கடேசன் வெட்டிக் கிடந்த புளியமரத்தின் மேல் ஏறினான்.

"எழுத்துத் தெரியாட்டியும் பஸ் நம்பர் தெரியும் இல்ல? இத பாருங்க. ஒண்ணு, ஆறு. மரம் வெட்டனது பதினேழு. நாளைக்கி நடக்கறத இன்னிக்கே போடற பேப்பரு இன்னும் அச்சாவல."

பிறகு அந்தப் பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் படித்தான். பட்டுப்புடவைத் தள்ளுபடி. கள்ளக்குறிச்சி லாட்ஜில் மூல வைத்தியர் முகாம். அந்தக் குரலில் மூலம்கூட வீர வரலாறாகக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். தீப்பெட்டிக்காரன் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நகர்ந்தான்.

மாதன் ஒரு மூட்டையை அவிழ்த்து வெங்கடேசன் துண்டில் இரண்டு படி சாமையைக் கொட்டினான். தங்கமணியும் துண்டை எடுத்தான்.

"உங்க வாயிக்கு என் வண்டிதான் கெடச்சிதுங்களா?" என்று கேட்டுவிட்டு மாதன் மாட்டை ஓட்டினான்.

பேப்பர் தங்கமணியுடையது, சாமை வெங்கடேசனுக்கு.

மரங்களை அகற்றிப் பஸ் விட்டதும், ஜெயம்மாள் கடையில் எந்தப் பேப்பரை விரித்தாலும் முதலில் தேதியைப் படிக்கச் சொன்னார்கள். தங்கமணி படித்தான். ஒருத்தரும் அசையவில்லை. எதிர்க்கடையிலும் அன்றே அந்த வழக்கம் வந்தது. வெங்கடேசன் தேதியை மட்டும்தான் படித்தான். அதற்கே அங்கே கைதட்டினார்கள்.