இயந்திரத்துக்கு நெற்றி எங்கே

என் கணவருக்கு ஓர் ஆணி அடிக்கத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை, அவருடைய கையெழுத்தைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்த எங்கள் குடும்பங்களில் ஆண்பிள்ளை என்றால் பேனா பிடிக்க வேண்டும், பெண்பிள்ளை என்றால் அந்தப் பேனாவுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். நானும் நீட்டினேன். பிறகு ஜப்பான்காரன் வந்தான், அவர் வேலை பார்த்த கந்தோரை மூடினான், பேனாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பிழைக்க வழி தேடியபோது டத்தோ கிராமட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாவு மில் கிடைத்தது. மில் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு சோடி அரைகல், அதைச் சுற்ற மூன்று குதிரைச் சக்தி எஞ்சின் ஒன்று. சொந்தக்காரர் குண்டுக்குப் பயந்து குடும்பத்தோடு தீவை விட்டு அக்கரைக்குப் போனவர், எங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அரிசியைக் கண்ணால் காண முடியாத காலம் அது. தாசேக் கெலுகோர் பக்கமிருந்து வரும் மரவள்ளி வற்றலை அரைத்துத்தான் எங்கள் வட்டாரமே சாப்பிட்டது. பாதி மாவு பட்டாளத்துக்குப் போகும். அதற்காக ஒரு ஜப்பான் சார்ஜண்ட் என் கணவருக்குச் சீட்டு ஒன்று கொடுத்திருந்தான். அந்தச் சீட்டு செல்லும்வரை அவரைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள்.

எஞ்சினை ஓட்டிய ஆளிடம் அப்படிச் சீட்டு இல்லை. ஒரு நாள் காலை பசாருக்கு மீன் வாங்கப் போன மனிதரை அப்படியே லோரியில் ஏற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் சார்ஜண்ட் வந்தான். ஓடாமல் நின்ற எஞ்சினைப் பிரம்பால் தட்டி, தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னான்: "மெசின் ஹிடூப், லாக்கி திங்கால். மெசின் மாத்தி, லாக்கி பெர்கி சயாம்." எஞ்சின் உயிரோடு இருந்தால் புருஷன் இங்கே, எஞ்சின் செத்தால் புருஷன் சயாமுக்கு. இவ்வளவு தெளிவாக என் பள்ளிக்கூடத்து வாத்தியார்கூட எதையும் விளக்கியதில்லை, பாவி.

"ஆரையாவது கேட்டுப் பாப்பம்," என்றார் என் கணவர்.

"ஆரைக் கேக்கிறது? தெரிஞ்சவனெல்லாம் லோரியில போயிட்டான். பெட்டிக்குள்ள எஞ்சினைப் பற்றின ஒரு இங்கிலீசுப் புத்தகம் கிடக்குது. நீங்கள் வாசியுங்கோ, நான் கழட்டுறன்."

"நீரோ?"

"ஏன், நான் அடுப்போடதான் மாரடிக்க வேணுமெண்டு எங்கேயும் எழுதியிருக்கோ?"

அவருடைய வெள்ளை வேட்டி ஒன்றைத் தரையில் விரித்தேன். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் கழற்றிய வரிசையிலேயே அதில் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் அழகான கையெழுத்தில் எண் எழுதித் துண்டுச் சீட்டுக் கட்டினார். ஆணியைக் கழற்றியவளுக்கு அதைத் திரும்ப எங்கே போட வேண்டும் என்று மறந்தால் என்ன ஆகும் என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

பிளக்கைக் கழற்றிவிட்டு அது இருந்த துளையின் மேல் பெருவிரலை வைத்தேன். "சக்கரத்தை மெல்லச் சுத்துங்கோ," என்றேன். அவர் சுற்றினார். உள்ளேயிருந்து ஏதோ என் விரலை இழுத்தது, பால் குடிக்கும் பிள்ளை இழுப்பதைப் போல. அடுத்த கணம் அதுவே விரலைத் தூக்கி எறிந்தது. "அம்மாடி!" என்று கையை உதறிக்கொண்டேன். இரும்பு மூச்சு விடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மூச்சை இழுக்கிறது, இறுக்கிப் பிடிக்கிறது, அதற்குள் நெருப்பு விழுகிறது, வெடித்துத் தள்ளிவிட்டுப் புகையை விடுகிறது என்று அவர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நெருப்பைப் பார்த்தது அதைவிட. பிளக்கை இரும்பின் மேல் கிடத்திவிட்டுச் சக்கரத்தை வேகமாகச் சுற்றச் சொன்னேன். அதன் நுனியில் நீலமாக ஒரு பொறி 'சட்' என்று பாய்ந்தது. தீக்குச்சி இல்லை, தணல் இல்லை. ஒரு காந்தமும் கொஞ்சம் செம்புக் கம்பியும் அவர் கைச்சுற்றும்தான். "இன்னொருக்கா," என்றேன். "இன்னொருக்கா." பத்துப் பன்னிரண்டு தடவை சுற்றவைத்தேன். அவர் வியர்த்துப் போய், "எனக்கு என்ன கோயில் தேர் இழுக்கிற வேலையோ?" என்று கேட்டார். எனக்கோ கண்ணில் தண்ணீர் முட்டியது. இத்தனை நாள் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெறும் சத்தம் என்று திட்டியிருக்கிறேனே!

ஓட்டக் கற்றது ஒரு வாரம். காப்பாற்றக் கற்றதற்குக் கணக்கே இல்லை. மண்ணெண்ணெய் கிடைக்காது, ரப்பரைக் காய்ச்சி இறக்கிய ஒரு நாற்ற எண்ணெய்தான். அது பிளக்கில் கரியை அப்பும். நாள்தோறும் வேலை முடிந்ததும் கழற்றித் துடைப்பேன். வால்வு சரியாக மூடாமல் புகை கசிந்தபோது, அம்மி பொளிந்தபோது உதிர்ந்த கல்தூளைச் சீலையில் சலித்து, தேங்காயெண்ணெயில் குழைத்து, வால்வை அதன் குழியிலேயே வைத்துத் தேய்த்தேன். முதலில் கரகரவென்றது, போகப் போகச் சத்தம் பட்டுப் போல ஆனது. அந்த மாற்றத்தைக் காதால் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. அடியில் எண்ணெய் ஒழுகிய இடத்துக்கு அவருடைய பழைய கந்தோர்க் கோப்பின் அட்டையை வெட்டி வைத்தேன். அதற்கு மட்டும் மனுஷன் கொஞ்சம் முணுமுணுத்தார்.

ஆயுத பூசை வந்தது. எஞ்சினைக் கழுவித் துடைத்து, செம்பருத்தி மாலை போட்டேன். சந்தனத்தை நல்ல தடிப்பாக அரைத்திருந்தேன்.

"இதுக்கு நெத்தி எங்கே?" என்று கேட்டார் அவர்.

"எது உச்சியில இருக்குதோ அதுதான் நெத்தி," என்றேன். உச்சியில் இருந்தது எண்ணெய் டாங்கியின் மூடி. அதன் நடுவில் ஊசி முனையளவு ஒரு துளை. செய்தவன் கவனக்குறைவாக விட்டுவிட்டான், தூசி போகுமே என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எரிச்சல். துளை அடைபடும்படி சந்தனத்தை அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் வைத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் டாங்கி நிறைய எண்ணெய் ஊற்றிக் கிளப்பினேன். பத்து நிமிடம் ஓடியது, இருமியது, நின்றது. பிளக்கைத் துடைத்தேன். கிளம்பியது, கொஞ்சம் ஓடி மறுபடி நின்றது. காந்தத்தைப் பார்த்தேன், வால்வைப் பார்த்தேன். எல்லாம் சரி. கிளப்புவதற்கென்று மருந்துப் போத்தலில் சேர்த்து வைத்திருந்த பெட்ரோல் அடி மட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து லோரி வந்து நின்றது.

மாவு ஏற்ற வந்த லோரியில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். வழியில் பிடித்தவர்கள். ஏழெட்டுப் பேர், குந்தியிருந்தார்கள். சார்ஜண்ட் இறங்கி வந்து நாங்கள் குனிந்து வணங்கியதைக்கூடப் பார்க்கவில்லை. அரைபடாத மூட்டைகளைப் பார்த்தான், எஞ்சினைப் பார்த்தான். "மாத்தி," என்றான். பிரம்பு என் கணவர் பக்கம் திரும்பியது.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "மழை வந்தா வெளியில காயிற வத்தலை உள்ளுக்கு எடும்," என்று என்னிடம் சொல்லிவிட்டு லோரியை நோக்கி நடந்தார்.

"துவான், செக்கேஜாப்! செக்கேஜாப்!" ஐயா, கொஞ்சம் பொறுங்கள் என்று கத்தினேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், எண்ணெய் இருக்கிறதா என்றாவது பார்ப்போம் என்று டாங்கி மூடியைத் திருகினேன்.

'ஸ்ஸ்' என்று டாங்கி காற்றை உள்ளே இழுத்தது.

சட்டியில் நிறைய இருந்தது. அகப்பைக்குத்தான் வரவில்லை. ஒரு வாய்க் காற்று உள்ளே போனால்தானே ஒரு சொட்டு எண்ணெய் கீழே இறங்கும்! பால் டின்னில் இரண்டு துளை போட்டால்தான் பால் ஊற்றும் என்று தெரிந்த நான், அந்தத் துளையைக் கவனக்குறைவு என்று நினைத்தேனே! யாரோ, எந்தத் தேசத்தானோ, என்னைவிட ஆயிரம் மடங்கு யோசித்து அதைப் போட்டிருக்கிறான். நான் பக்தியோடு என் புருஷனின் உயிர் போகும் வழியைத் திறந்துவிட்டேன். கொண்டை ஊசியை உருவிச் சந்தனத்தைக் குத்தித் தள்ளினேன். கடைசிச் சொட்டுப் பெட்ரோலை விட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன்.

பிடித்துக்கொண்டது. பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று, நிற்கவில்லை. சார்ஜண்ட் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தான். பிறகு லோரியின் பக்கத்தில் நின்ற என் கணவரைப் பிரம்பால் உள்ளே போகக் காட்டினான். அவர் வந்து மாவுச் சாக்கைப் பிடித்தார்.

கடைசி மூட்டை ஏறியபோது பின்னேரம் ஆகிவிட்டது. அதுவரை லோரியில் இருந்தவர்கள் வெயிலில் அப்படியே குந்தியிருந்தார்கள். புறப்படும்போது அவர்களில் ஒருவர் எங்களைப் பார்த்தார். கோபமில்லை, கெஞ்சவுமில்லை, சும்மா பார்த்தார். அவர் வீட்டில் ஓட்டுவதற்கு ஓர் எஞ்சின் இருக்கவில்லை.

அரைக்க எதுவும் இல்லை. அரைகல்லைச் சுற்றும் வாரைக் கழற்றிவிட்டேன். எஞ்சின் வெறுமனே ஓடியது.

"எண்ணெய் வீணாகுது, நிப்பாட்டும்," என்றார் என் கணவர்.

"நீங்கள் பேசாமல் எனக்குப் பக்கத்தில நில்லுங்கோ," என்றேன். அவர் நின்றார். டாங்கியில் மிச்சமிருந்தது தீர்ந்து அது தானாக நிற்கும்வரை நான் அவர் கையை விடவில்லை.