உருகாத யானை

பிராங்பேர்ட்டில் மகனின் வீட்டில் பொன்னுருக்கல். தாலி செய்வதற்காக மாப்பிள்ளை வீட்டார் தங்கக் காசொன்றை உருக்குகிற நாள். மனைவியை இழந்தவன் சடங்கில் முன்னுக்கு நிற்கக் கூடாதாம். மகனின் மாமாவும் மாமியும் சோடியாக நின்று செய்வார்கள். எனக்கென்று மிஞ்சியது ஒன்றுதான்: காசு என்னுடையது.

நாங்கள் குடியிருந்த கெல்சென்கிர்ச்சனில் நானும் மனைவியும் ஆபிரிக்க மிருகங்கள் பொறித்த தங்கக் காசுகளைச் சேர்த்தோம். சிங்கம், காண்டாமிருகம், மான் என்று முடிந்தபோதெல்லாம் ஒன்று. கடைசியாக வாங்கியது யானை. கடைக்கார ஜெர்மன்காரர் அது எந்தக் காட்டு யானை என்று விளக்கிக்கொண்டிருக்க, அவள் என் காதுக்குள், "இந்தாளுக்கு என்ன தெரியும்? இது பிள்ளையாரப்பா. எங்கடை பெடியன்ரை தாலிக்கு இதைத்தான் உருக்கோணும்" என்றாள். அடுத்த மாரிக்கு அவள் இல்லை.

அன்றிலிருந்து அதை பிளாஸ்டிக் டப்பிக்குள் விரல் படாமல் வைத்திருந்தேன். வீட்டில் வேறு ஆளில்லை. தேத்தண்ணி குடிக்கும்போது அதோடுதான் கதை. விசர் என்றால் விசர்தான், போங்கள். அவள் சொன்னதை மகனிடம் பொன்னுருக்கலன்று சொல்லலாமென்று வைத்திருந்தேன்.

நகை செய்யும் பத்தர் நெருப்பு மூட்டமுன், வீட்டுப் புகை அலாரத்துக்கு யாரோ குளியல் தொப்பி மாட்டினார்கள். நான் டப்பியைத் திறக்கப் போனேன். மகன் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"அப்பா, பொறுங்கோ! திறந்தால் விலை விழுந்திடும். இந்த யானை இப்ப எங்கையும் எடுக்கேலாது. நீங்கள் ஆசையாய் வைச்சிருக்கிறியள். நான் வேறை காசு வாங்கிட்டன்."

"இது உருக்கத்தான் வாங்கினது, தம்பி..."

மேலே சொல்ல வாயெடுத்தேன். நல்ல நேரம் நடந்துகொண்டிருந்தது. செத்தவளின் பேச்சை அந்த நேரத்தில் எப்படி எடுப்பது?

"அண்ணையின்ரை யானை தப்பிட்டுது!" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். மகன் இதைத் திமிரில் செய்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். பாழாய்ப்போன பெடியன் பாசத்தில் அல்லவா செய்கிறான்!

அவன் வாங்கிய காசைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் கொண்டுவந்தார்கள். தொட்டு ஆசீர்வதித்தேன். அதில் என்ன பொறித்திருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. பிறகு அது உருகியது.

யானை உருகியிருந்தால், மருமகளின் கழுத்தில் அவளும் ஒரு பொட்டுப் பொன்னாகவாவது இருந்திருப்பாள். விலை குறையாமல், என் சட்டைப் பையில், என்னோடு ரயிலில் திரும்பி வந்தாள்.