அருவியில் ஓடாத காய்ச்சல்

என் கணவர் ஒடிசாவில் பாலம் கட்டும் வேலையிலிருந்து லீவுக்குத் தென்காசி வந்தபோது குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. வந்ததுமே அவரை அவருடைய அண்ணன் ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்த என் கணவர் இரண்டு போர்வைக்குள் கிடந்து, கட்டிலே ஆட நடுங்கினார்.

"சாரல் குளிருதான்லே இது. நல்லெண்ணெயத் தேச்சிட்டு நாளைக்கும் அருவியில நில்லு, பறந்து போவும்" என்றார் அண்ணன். எங்கள் ஊரில் தலைவலி முதல் மனக்கவலை வரை எல்லாவற்றுக்கும் அருவிதான் மருந்து. சந்தேகப்படுகிறவர்களை வெளியூர்க்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவோம்.

மறுநாள் அருவியில் நின்றார், காய்ச்சல் இல்லை. அடுத்த நாள் வந்தது. மறுபடி அருவி, மறுபடி குணம். அது ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற காய்ச்சல். அது ஓய்வெடுக்கும் நாளில் நாங்கள் குளிப்பாட்டிவிட்டு, பெருமையை அருவிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன்.

ஒரு காலை காப்பி கொண்டுபோனேன். "ஸார், சிமெண்ட் லோடு இன்னும் வரல ஸார்" என்றார் என்னிடம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எப்போதும் 'ஏட்டி' என்றே கூப்பிடுகிறவர், யாரென்றே தெரியாமல் என்னைப் பார்த்தார். அண்ணனைக் கூப்பிட்டு, அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவருடைய இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்துவிட்டு, எந்த ஊரில் இருந்தார் என்று கேட்டார். ஒடிசா என்றதும் ரத்தம் எடுக்கச் சொன்னார். மலேரியா.

"கொசு கடிச்சதும் கிருமி முதல்ல ஈரல்ல போய்ப் பெருகும்மா. அப்புறம் ரத்தத்துல இறங்கி சிவப்பணுவ உடைக்கும். அப்படி உடையறதால வர்ற மஞ்சள்தான் கண்ல தெரியுது. மண்ணீரல் வீங்கிருக்கு. கிட்னி திணறுது, அதான் யூரின் பாலில்லாத கட்டன்சாயா மாதிரி கறுப்பா போகுது. மூளைக்குப் போற சின்ன ரத்தக் குழாய்களையும் அடைச்சிருக்கு."

"ஒரு கொசுவா இம்புட்டு வேல பாத்துச்சு?" என்று அண்ணன் வாய்பிளந்தார்.

"இவுகளுக்கு இனிமே என்னய அடையாளம் தெரியுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"மருந்து ஏத்துறோம். பார்ப்போம்."

ஊசி ஏற ஏற, "நான் யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் சூப்பர்வைசர் என்றார், பிறகு கான்ட்ராக்டர் என்றார். பதவி உயர்ந்ததே தவிர மனைவியாகவில்லை. பயந்து, கேட்பதையே நிறுத்திவிட்டேன்.

ஒரு மத்தியானம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏட்டி, ஏன் இப்படி வாடிப்போயிருக்க? சாப்டியா?"

நான் ஓவென்று அழுத சத்தத்தில், ஏதோ ஆகிவிட்டது என்று நர்ஸ் ஓடிவந்தார்.

"இவுக என்னய ஏட்டின்னுட்டாக" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.