பச்சை அட்டைப் புத்தகத்துக்கு மேசையில் ஓர் இடம்

எனக்கு எண்பத்து மூன்று வயது. பெற்றது நான்கு, அக்கா விட்டுப்போனது ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்து அதற்கெல்லாம் பிறகு, முதியோர் பள்ளியில் வந்தது. விரல் வைத்துத்தான் படிப்பேன். ஒரு பக்கம் முடிய ஒரு பொழுது ஆகும். ஆகட்டும், எனக்கென்ன அவசரம்?

எங்கள் ஊர் நூலகத்தில் நான் எடுப்பதெல்லாம் போர்க்காலத்து வரலாறு. கதை வேண்டாம், நடந்ததுதான் வேண்டும். பக்கத்தில் உட்காரும் தையல்கடைக்காரி ஒருநாள் கேட்டாள்:

"சாமி பொஸ்தகம் படிக்கற வயசுல பீரங்கி எதுக்குங்க ஆத்தா?"

"உங்க சாமி கையில பூவா வெச்சிருக்குது? வேல்தான வெச்சிருக்குது."

காரணம் இருக்கிறது. நான் தொட்டிலில் கிடந்தபோது உலகச் சண்டை நடந்தது. பர்மா எல்லையில் ராணுவத்துக்கு ரோடு போட ஆள் சேர்த்தார்கள். மல்லசமுத்திரத்திலிருந்து என் அப்பாவும் போனார். துப்பாக்கி பிடிக்கவில்லை, மண்வெட்டி பிடித்தார். திரும்பவில்லை. செத்தார் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை.

எங்கள் சனத்தில் புருஷன் போய்விட்டால் வெள்ளைச் சேலைதான் கட்ட வேண்டும். சில வருஷம் பொறுத்த பெரியவர்கள் ஒருநாள் வெள்ளைச் சேலை வாங்கி வந்து வாசலில் வைத்தார்கள்.

"செத்தத யாருங்க பாத்தது?" என்று அம்மா கேட்டாள். "பாத்தவங்க வந்து சொல்லட்டும், அன்னைக்குக் கட்டிக்கறேன்."

அந்தச் சேலையை மிளகாய் காயப்போட விரித்தாள். சாகும்வரை சிவப்புச் சேலைதான் கட்டினாள். கல்யாண வீடுகளில் அவளைப் பின்னால் உட்காரச் சொன்னவர்கள் உண்டு. அவள் முன்னால் போய்த்தான் உட்கார்ந்தாள்.

இந்த வருஷம் நூலகத்தில், போர்க்கால வரலாற்றில் படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று தனியாக ஒரு மேசை போட்டார்கள். எதை வைப்பது என்று பார்க்கும் பொறுப்பு ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருக்கு. தளபதிகள் எழுதியவை, வரைபடம் போட்டவை என்று அடுக்கினார். அதில் ஒன்றை நானும் படித்திருக்கிறேன். நல்ல புத்தகம்தான். மலை தாண்டி லாரி லாரியாகப் படை போனது அதில் வருகிறது. அந்த லாரி போன ரோட்டை வெட்டியது யார் என்பது வரவில்லை.

பச்சை அட்டை போட்ட இன்னொரு புத்தகத்தில் அது வருகிறது. ரோடு வெட்டினவர்கள், மூட்டை சுமந்தவர்கள், காய்ச்சலில் கிடந்து பிழைத்து ஊர் வந்தவர்கள் என்று தேடிப்போய்க் கேட்டு எழுதியது. என் அப்பா பெயர் அதில் இல்லை. விரல் வைத்துத் தேடிவிட்டேன். ஆனால் அவர் நின்ற மலை இருக்கிறது, நனைந்த மழை இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன்.

வாத்தியார் புரட்டிப் பார்த்தார். "இதுல தேதியே சரியா இல்லீங்களே ஆத்தா. எல்லாம் வாய்ச்சொல்லுங்க. வரலாறுன்னா ஆதாரம் வேணுமுங்க."

"எங்கம்மாளுக்கு வெள்ளைச் சேலை கொண்டாந்தாங்களே, என்ன ஆதாரத்தக் காட்டினாங்க? அன்னைக்கு மட்டும் வாய்ச்சொல்லு போதுமுங்களா?"

முழுக் கதையையும் நின்றபடியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்?"

"மேசையில எடம் பண்ணுங்க."

தையல்கடைக்காரி சிரித்தாள். வாத்தியார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒழுங்கு பார்க்கிற மனிதர்.

"மத்தவங்கெல்லாம் இந்தப் பொஸ்தகத்த ஏன் படிக்கோணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்திருக்கறாங்க. நீங்களும் குடுங்க, படிச்சுப்போட்டுச் சொல்றேன். பேத்தியக்கூட எழுதச் சொல்லலாமுங்க."

"நானே எழுதறனுங்க."

அதுதான் இது. தளபதிகளின் புத்தகங்களையும் படியுங்கள், ரோடு எங்கே போனது என்று தெரியும். பச்சை அட்டையை அதற்கு முன்னால் படியுங்கள். வாத்தியார் வேண்டாம் என்று எடுத்து வைத்தால் மறுநாளும் போவேன், அதே இடத்தில் வைப்பேன். வாசலில் வைத்ததை என்ன செய்வது என்று என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மேசையில் வைத்ததை எப்படிக் காப்பது என்று எனக்குத் தெரியும்.

லீவுக்கு வந்திருக்கும் பேத்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள்.

"அம்மாயி, பிழையெல்லாம் திருத்தித் தரட்டுமா?"

"ஒன்னையும் தொடாத சாமி. இருக்கறத இருக்கறபடி சத்தமாப் படி, கேக்கறேன்."