கரை தெரியும் பக்கம்

எங்கள் சுற்றுலாக் கப்பல் புதுச்சேரிக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கிறது. காலை வெயிலில் கடற்கரைச் சாலையின் வெள்ளைக் கட்டடங்களைப் பார்க்க எல்லோரும் மேல்தளத்துக்கு வந்திருக்கிறோம். பாதிக் கப்பலை ஹெவி மெட்டல் இசை ரசிகர்களின் குழு ஒன்று எடுத்திருக்கிறது. கறுப்புச் சட்டை, அதில் மண்டையோட்டுப் படம், கை நிறையப் பச்சை குத்தல். பிள்ளைகள் பயப்படுவதாகச் சில குடும்பத்தினர் புகார் சொல்லிவிட்டார்கள். ஊழியர் ஒருவர் தளத்தின் குறுக்கே கயிறு கட்டுகிறார். கரை தெரியும் பக்கம் எங்களுக்கு. அவர்கள் வெறுங்கடலைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் குழுவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மட்டும் எங்கள் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியை விடாமல் நிற்கிறார். மூக்கில் வளையம், ஒட்ட வெட்டிய நரைமுடி. ஊழியர் அவரைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகச் சொல்கிறார்.

"அது என் ஊரு சார். என் ஊர நான் பாக்கக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?"

"உங்க வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்கிறேன்.

"லைட் ஹவுஸ் தெரியுதா? அதுக்குப் பின்னாடி, உப்பளம் ஏரியா. ஞாயித்துக்கெழம மாதா கோயிலுக்கே இந்தச் சட்டையோடதான் போறேன். சாமியாரே ஒண்ணும் சொல்லல."

"நமக்கெதுக்கு வம்பு, வா" என்று கணவர் என் கையைப் பிடித்து இழுக்கிறார். நான் விடுவித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நிற்கிறேன். கயிற்றுக்கு அந்தப்புறம் நின்ற கறுப்புச் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து இந்தப் பக்கம் வருகிறார்கள்.

ஊழியர் என் புடவையை மேலும் கீழும் பார்க்கிறார். "மேடம், நீங்க எந்த குரூப்?"

"இவங்க குரூப்தான்."

அவர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்குகிறார்.