சித்தப்பா ஒலிம்பிக்கில் நின்ற கதை

என் சித்தப்பா குளிர்கால ஒலிம்பிக்கில் ஓடியவர் என்பது வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. சித்தப்பாவுக்கு மட்டும் தெரியாது.

அவர் அகதியாக நோர்வேக்குப் போன புதிதில், நான் கைக்குழந்தையாக இருந்தபோது, காலி வீதியில் இருந்த தொலைபேசிக் கடை ஒன்றுக்கு ஓர் அழைப்பு எடுத்தாராம். அப்பா காத்திருந்து பேசியிருக்கிறார். இரைச்சலுக்கு நடுவே, "அண்ணை, நான் ஒலிம்பிக்கில நிண்டனான்" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டதாம். பிறகு லைன் அறுந்துவிட்டது. தேர்தலில் நிற்பவர் வேட்பாளர் என்றால் ஒலிம்பிக்கில் நிற்பவர் வீரர்தானே? அப்பாவுக்கு அதில் ஐயம் எழவில்லை. சித்தப்பா பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடியவரும்கூட. அடுத்தடுத்த அழைப்புகளில் யாருக்குச் சுகமில்லை, யாருக்கு விசா கிடைத்தது, யாருக்குக் கல்யாணம் என்று கேட்கவே நேரம் போதாது. ஒலிம்பிக்கைப் பற்றி யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

கேட்காததால் கதை தன்பாட்டில் வளர்ந்தது. முதலில் சித்தப்பா நின்றார். ஓரிரு வருடங்களில் பனியில் ஓடினார். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அவர் நாலாவதாக வந்திருந்தார். அதற்கு மேலே ஏற்ற அப்பா விரும்பவில்லை. பதக்கம் என்றால் யாராவது காட்டச் சொல்லுவார்கள், நாலாமிடத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

அது சமாதானப் பேச்சு நடந்த காலம். வெளிநாட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் பெட்டி பெட்டியாகச் சாமானோடு வெள்ளவத்தையில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவும் சித்திரை வருடப்பிறப்புக்கு வருவதாகச் சொன்னார். எங்கள் ஒழுங்கையில் வருடப்பிறப்புக்கு விளையாட்டுப் போட்டி உண்டு. அதற்குத் தலைவர் எதிர்வீட்டுச் சிங்கள அங்கிள். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அப்பா விஷயத்தைச் சொன்னதும் அவர் குடித்துக்கொண்டிருந்த பிளேன்ரீயை வைத்துவிட்டு எழுந்து நின்று அப்பாவின் கையைக் குலுக்கினார். பிரதம விருந்தினர் யார் என்பது அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

சித்தப்பா வந்த வான் காலி வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பிய இடத்தில் குறுக்கே ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தது. மூன்று மொழிகளில் வரவேற்பு. நடுவில், பனிமலையிலிருந்து பாய்கிற ஒரு வீரன். அவனுடைய கழுத்துக்கு மேலே சித்தப்பாவின் தலை.

சித்தப்பா வானை நிறுத்தச் சொன்னார். கதவைத் திறந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார். தலைமயிர் கொட்டி, வயிறு முன்னுக்கு வந்து, படத்தில் இருந்தவனைவிட இரண்டு மடங்கு பருத்திருந்தார்.

"அண்ணை, இது என்ர தலையெல்லோ?"

"ஓம்."

"உடம்பு ஆரின்ர?"

"அது பிறின்ற் பண்ணினவன்ர ஐடியா" என்றார் அப்பா.

வீட்டுக்குள் வந்ததும் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் சாமான்கள் கொடுத்தார். அதில் மண்ணிறமாக ஒரு கட்டி இருந்தது. அம்மா அதை நல்ல சவர்க்காரம் என்று எண்ணிக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தார். அது நோர்வேக்காரர் பாணில் வைத்துச் சாப்பிடும் பாற்கட்டி என்று நான் முகம் கழுவிய பிறகுதான் தெரிய வந்தது. அந்தச் சிரிப்பு அடங்கியபோது சித்தப்பா மெல்லக் கேட்டார்.

"அண்ணை, நான் எப்ப ஒலிம்பிக்கில ஓடினனான்?"

"நீதானேடா சொன்னனீ."

"நிண்டனான் எண்டுதானே சொன்னனான்."

"நிண்டா, போட்டியில தானே நிப்பாய்?"

"சரிவில நிண்டனான். பனி மிதிச்சனான்."

அப்பா கதிரையில் உட்கார்ந்தார். "பனி மிதிக்கிறது ஒரு போட்டியோ?"

"இல்லையண்ணை. அது ஒரு வேலை. சம்பளமும் இல்லை. மலையில இருந்து பாயிறவை வந்து இறங்கிற இடத்தைக் காலால மிதிச்சு இறுக்க வேணும். அகதி முகாமில இருந்த எங்களையும் வரச் சொன்னவை. போனனான்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனார். உள்ளே போய்ச் சிரித்தது வெளியே கேட்டது. அது அப்பாவை இன்னும் நோகடித்தது.

"சரி. நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் நீ ஓடினனீ. அங்க திரும்பிப் போய் எதை வேணுமெண்டாலும் சொல்லு."

"பொய் சொல்ல ஏலாது அண்ணை."

"ஒழுங்கையில நான் தலை காட்டுறேல்லையோ?"

அம்மா வைத்த புட்டைத் தொடாமல் அப்பா எழுந்து போனார். அப்பா தலை காட்ட முடியாவிட்டால் நாங்கள் எல்லாரும் வீடு மாறிக் கொட்டாஞ்சேனைக்கோ வேறெங்கோ போய்விட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் வேறு ஒலிம்பிக் வீரரைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் பின்னேரம் ரயில் பாதையைக் கடந்து எல்லாரும் கடற்கரைக்குப் போனோம். தலையணைச் சண்டை, கயிறிழுத்தல் எல்லாம் நன்றாக நடந்தன. ஓட்டப்போட்டிதான் சரிவரவில்லை. மணல் பொடிப்பொடியாக இருந்தது. சின்னப்பிள்ளைகள் நாலடி ஓடுவதற்குள் கால் புதைந்து ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். ஒருத்திக்குக் கணுக்கால் சுளுக்கிவிட்டது. தலைவர் விசிலை ஊதிப் போட்டியை நிறுத்திவிட்டு, அந்த இடைவெளியில் பிரதம விருந்தினரைப் பேச அழைத்தார். அழைக்கும்போது நாலாமிடத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் தனித்தனியே சொன்னார். கைதட்டல் கடலிரைச்சலை அமுக்கியது.

சித்தப்பா மைக்கை வாங்கினார். அப்பா தாழங்குற்றி ஒன்றின் பக்கத்தில் போய் நின்று கடலைப் பார்க்கத் தொடங்கினார்.

"குளிர்கால ஒலிம்பிக் முதல்முதல் பிரான்சில ஒரு மலையடி ஊரில நடந்தது" என்று சித்தப்பா ஆரம்பித்தார். தமிழும், மறந்துபோன சிங்களமும், ஆங்கிலமும் கலந்த பேச்சு. "அப்ப அதுக்கு ஒலிம்பிக் எண்டு பேரில்லை. பனி விளையாட்டுக் கிழமை எண்டுதான் சொன்னவை. நடந்து முடிஞ்சு ஒண்டு ரெண்டு வருசத்துக்குப் பிறகுதான், அதுதான் முதலாவது ஒலிம்பிக் எண்டு ஒத்துக்கொண்டவை."

அப்பா மட்டும் இல்லை, உலகமே பிறகுதான் பெயர் வைத்திருக்கிறது என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது.

சித்தப்பாவுக்கு இந்தக் கதைகள் எல்லாம் முகாமில் மொழி படிப்பித்த ரீச்சர் சொன்னவை. ஒலிம்பிக் வருகிறது என்று ஊரே பரபரத்த நேரத்தில், அந்த வரலாற்றை வைத்தே அவர் மொழி கற்றுக்கொடுத்தாராம். கோடைக்கும் குளிருக்கும் ஒரே வருடத்தில் நடந்த போட்டிகளைப் பின்னால் பிரித்ததும், அப்படிப் பிரித்த பிறகு முதலாவது போட்டி நோர்வேயில் முகாமுக்குக் கிட்ட இருந்த ஒரு சின்ன ஊருக்குக் கிடைத்ததும் சித்தப்பா சொன்னார். பனியே பெய்யாத ஒரு தீவிலிருந்து நாலு பேர் வந்து சறுக்குவண்டி ஓட்டியதும், அது கவிழ்ந்ததும், எழுந்து வண்டியோடு நடந்தே எல்லையைக் கடந்ததும் சொன்னபோது பையன்கள் விசிலடித்தார்கள். இன்னொரு தடவை ஒஸ்ரியாவில் பனி போதாமல், ஆமிக்காரர் மலை உச்சியிலிருந்து வெட்டிக்கொண்டுவந்து கொட்டினார்களாம். ஆமிக்காரர் என்றால் சோதனைச்சாவடியில் அடையாள அட்டை கேட்பவர்கள் என்று மட்டுமே தெரிந்த நாங்கள், அவர்கள் பனி சுமப்பதைக் கற்பனை செய்ய முயன்று தோற்றோம்.

"அப்பிடித்தான், ஓடுறவையைப்போல ஓடாத ஆக்களும் கன பேர் அங்க வேணும்" என்றார் சித்தப்பா. "நான் ஓடாத ஆள். நாலாவதும் வரேல்லை, நாற்பதாவதும் வரேல்லை. பனி மிதிச்சனான். என்ர அண்ணைக்கு ரெலிபோனில சரியாக் கேக்கேல்லை. பிழை லைனில. அவரில இல்லை."

ஒருவரும் கைதட்டவில்லை. சிநேகிதிகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. தலைவர் விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் அப்படியே நின்றார்.

ஒழுங்கை முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த, எல்லாரும் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர்தான் வாயைத் திறந்தார். "மிதிக்காட்டி என்ன நடக்கும்?"

"பொடிப்பனியில கால் புதையும் நானா. பாய்ஞ்சு வாறவன் விழுந்து முறிச்சுக்கொள்ளுவான்."

நானா குனிந்து தன் காலடி மணலைப் பார்த்தார். தலைவரும் பார்த்தார். கணுக்கால் சுளுக்கிய பிள்ளை தாயின் மடியில் இருந்து முனகினாள். தலைவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"எஹெனம் மேக்கத் பாகமு" என்றார். அப்படியென்றால் இதையும் மிதிப்போம் என்று அர்த்தம்.

அதன் பிறகு சித்தப்பாவைப் பிடிக்க முடியவில்லை. சப்பாத்தைக் கழற்றி எறிந்தார். பையன்களை வாளியோடு கடலுக்கு அனுப்பி ஓட்டப்பாதை முழுவதும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பெரியவர்களைத் தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நிற்கவைத்து, வழுக்காமல் இருக்க ஒருவர் கையில் ஒருவர் கை கொழுவச் சொன்னார். தலைவரும் நானாவும் அம்மாவும், சேலையைத் தூக்கிச் செருகிய மற்றப் பெண்களும் நின்றார்கள். "பக்கவாட்டில ஒரு அடி. மிதி, மிதி. பிறகு அடுத்த அடி." முதலில் எல்லாரும் வெட்கத்தோடு தொப்புத் தொப்பென்று மிதித்தார்கள். பிறகு யாரோ தாளம் போட, றபான் மேளம் வைத்திருந்தவர்கள் அதைத் தட்ட, வரிசை ஆடிக்கொண்டே நகரத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துப் பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் வந்தது. மிதிபலகையில் தொங்கியவர்கள், வளர்ந்த மனிதர்கள் கைகோத்து மணலை உதைப்பதைப் பார்த்து என்னவென்று விளங்காமலேயே கூவிக் கையசைத்தார்கள்.

"அண்ணை!" என்று சித்தப்பா கத்தினார். "இந்தக் கரையில ஒரு ஆள் குறையுது!"

அப்பா திரும்பவில்லை. சித்தப்பா இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்பா மெதுவாக வந்தார், சப்பாத்துகூடக் கழற்றாமல். வரிசையின் கடைசியில் நின்று தம்பியின் கையில் தன் கையைக் கொழுவினார். தரையைப் பார்த்தபடி மிதித்தார். பாதிப் பாதையில் வரும்போது தலை நிமிர்ந்திருந்தது. முக்கால்வாசியில், "நானா, குதியால மிதியுங்கோ, குதியால! விரலால மிதிச்சா இறுகாது!" என்று எல்லாருக்கும் கட்டளையிட்டுக்கொண்டிருந்தார்.

போட்டி மறுபடி நடந்தது. சீமெந்துத் தரைபோல இருந்த மணலில் நாங்கள் பறந்தோம். நான் கடைசிக்கு முதலாவதாக வந்தேன், ஆனால் விழவில்லை. ஒருவரும் விழவில்லை. தலைவர் கேடயங்களைக் கொடுத்து முடித்ததும், அடுத்த வருடத்திலிருந்து மணல் மிதித்தலும் ஒரு நிகழ்ச்சி என்று மூன்று மொழிகளிலும் அறிவித்தார். அப்பா அதற்குள் நாலைந்து பேரைச் சுற்றி நிற்கவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "ஓடுறதுக்கென்ன, ஆரும் ஓடலாம். இவன் மிதிச்சிராட்டி அங்க ஒருத்தனும் பாய்ஞ்சிருக்க ஏலாது."

வெயில் தாழ்ந்தபோது நானும் சித்தப்பாவும் முன்னால் நடந்தோம். ஈர மணல் ஒட்டிய காலோடு ரயில் பாதையைத் தாண்டினோம். எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

"மிதிச்ச பிறகு போட்டி பாத்தீங்களோ, சித்தப்பா?"

"இல்லையம்மா. மிதிச்சு முடிய எங்களை பஸ்ஸில ஏத்தி அனுப்பிப்போட்டினம். முகாமுக்குப் போய் ரீவியிலதான் பாத்தனாங்கள்."

"அப்ப அவ்வளவு குளிருக்க என்னத்துக்குப் போனனீங்கள்?"

"முதல் நாள் சும்மாதான் போனனான். பக்கத்தில ஒரு கிழவன் நிண்டவன். ஒரு சொல்லும் கதைக்கேல்லை. என்ர கையை இழுத்துத் தன்ர கையில கொழுவினவன். அந்த நாட்டுக்குப் போய் அண்டைக்குத்தான் முதல்முதல் ஒரு ஆள் என்னைத் தொட்டது. அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போனனான்."

எனக்கு அது ஒரு காரணமாகவே தெரியவில்லை. எங்கள் ஒழுங்கையில் கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வருவதற்குள் கன்னத்தைக் கிள்ளுவார்கள், பின்னலைப் பிடித்து இழுப்பார்கள், தலையில் குட்டுவார்கள். தப்பி ஓடுவதுதான் பெரும்பாடு. ஒருவர் தொட்டதற்காக ஒவ்வொரு நாளும் பனிக்குள் போவார்களா? யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு விடைதான் பொருந்தியது. அதை முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று, சித்தப்பாவின் கையை உதறிவிட்டு வீடுவரை ஓடி, படியில் நின்றே கத்தினேன்:

"அம்மா, நோர்வேயில கிழவங்களும் தொட்டுப் பிடிச்சு விளையாடுவினமாம்!"